பொத்தானுக்குள் வடதிசை

1943ஆம் ஆண்டின் ஓர் இரவு. சுடப்பட்ட பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானம் ஒன்றிலிருந்து குதித்த வீரர் ஒருவர், பெல்ஜியத்து வயல் ஒன்றில் பாராசூட்டோடு வந்து விழுகிறார். விமானம் எரிந்தபடியே தொலைவில் போய் மோதிவிட்டது. உள்ளே வைத்திருந்த பை, உணவு, தண்ணீர் எல்லாம் அதோடு போயிற்று. மிஞ்சியது உடம்பில் உடுத்தியிருப்பது மட்டுமே.

பாராசூட்டைச் சுருட்டிப் புதருக்குள் மறைத்துவிட்டு, வாய்க்கால் ஓரமாக உட்கார்கிறார். கால்களில் கம்பளி உள்துணி வைத்த, கெண்டைக்காலை மூடும் பூட்ஸ். பகலில் யார் பார்த்தாலும் ‘இவன் விமானப்படைக்காரன்’ என்று காட்டிக்கொடுத்துவிடும். பூட்ஸின் உட்புறம் தடவிப் பார்த்து, அங்கே தைத்திருக்கும் சின்னப் பையிலிருந்து விரல் நீளக் கத்தி ஒன்றை எடுக்கிறார். கணுக்காலைச் சுற்றி ஓடும் தையலை அறுக்கிறார். பூட்ஸின் மேற்பகுதி தனியே கழன்று வருகிறது. காலில் எஞ்சி நிற்பது, எந்த ஊர்க் குமாஸ்தாவும் போட்டிருக்கக்கூடிய கறுப்பு ஷூ.

அடுத்து, கால்சட்டையிலிருந்து இரண்டு பொத்தான்களைப் பிய்க்கிறார். ஒன்றின் நடுவில் ஊசிமுனைபோல் ஒரு சிறு கூர். மற்றொன்றை அதன்மேல் நிறுத்தியதும் அது மெல்லத் திரும்பி, ஆடி, ஓரிடத்தில் நிற்கிறது. அதன் விளிம்பிலுள்ள புள்ளி வடக்கைக் காட்டுகிறது. உடுப்பின் உள்மடிப்பைப் பிரித்தால் கைக்குட்டை அளவில் ஒரு பட்டுத்துணி. அதன் இரு புறமும் ஐரோப்பா அச்சிடப்பட்டிருக்கிறது.

இந்த ஏற்பாடுகளெல்லாம் அன்றைய விமானப்படை வீரர்களுக்கு வழக்கமாகக் கிடைத்தவை. அவற்றுக்குப் பின்னால் ஓர் அலுவலகமும், ஒரு விசித்திரமான மனிதரும், ஏராளமான இயற்பியலும் வேதியியலும் இருந்தன.

ஹுடினியிடம் தோற்றவர்

1939 டிசம்பரில் பிரிட்டிஷ் ராணுவ உளவுத்துறை எம்.ஐ.9 என்ற புதிய பிரிவைத் தொடங்கியது. எதிரியின் எல்லைக்குள் சிக்கியவர்களைத் தப்பிவரச் செய்வது அதன் வேலை. தலைமைப் பொறுப்பு நார்மன் கிராக்கட் என்ற அதிகாரியிடம் இருந்தது. ‘வீரன் சிறைப்பட்டால் அவனுடைய போர் முடிந்தது’ என்ற பழைய எண்ணத்தை மாற்ற விரும்பியவர் அவர். பயிற்சி பெற்ற விமானி ஒருவரை உருவாக்கப் பல மாதங்களும் பெரும் பணமும் ஆகும். அவர் திரும்பி வந்தால் மீண்டும் பறப்பார். அவரைத் தேடிப் பிடிக்க எதிரி ஆட்களை ஒதுக்கவேண்டியிருப்பதும் ஒரு லாபம்.

கருவிகளை உருவாக்க கிறிஸ்டோஃபர் கிளேட்டன் ஹட்டன் என்பவரைச் சேர்த்தார்கள். முதல் உலகப்போரில் பங்கேற்றவர். பிறகு செய்தித்தாளிலும் திரைப்பட விளம்பரத்திலும் வேலை பார்த்தவர். மாயவித்தைமேல் தீராத ஆசை. 1913இல் பர்மிங்காமுக்கு வந்த, தப்பிக்கும் வித்தைக்காரர் ஹாரி ஹுடினிக்கு இளைஞர் ஹட்டன் ஒரு சவால் விட்டார். தம் மாமாவின் மர ஆலைத் தச்சர்கள் மேடையிலேயே செய்யும் பெட்டிக்குள் அடைத்தால் வெளியே வரமுடியுமா என்பது சவால். ஹுடினி ஒப்புக்கொண்டார், வெளியேயும் வந்தார். எப்படி என்று ஹட்டனுக்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது. நிகழ்ச்சிக்கு முன்பே ஆலைக்குப் போன ஹுடினி, தச்சருக்குப் பணம் கொடுத்துப் பெட்டியைத் தமக்கு வசதியாகச் செய்யவைத்திருந்தார். தப்பிக்கும் வித்தை, பெட்டிக்குள் போவதற்கு முன்பே முடிந்துபோயிருந்தது. ஹட்டன் பின்னாளில் செய்த வேலையும் அதேதான். வீரர் சிக்குவதற்கு முன்பே, அவருடைய தையற்காரரையும் செருப்புத் தைப்பவரையும் தம் பக்கம் சேர்த்துக்கொண்டார்.

தப்பிக்கிறவருக்கு என்னதான் தேவை? முதல் போரில் தப்பியவர்கள் எழுதிய புத்தகங்களைத் தேடிப் பிடித்து, ரக்பி பள்ளியின் மூத்த மாணவர்களிடம் கொடுத்துக் குறிப்பெடுக்கச் சொன்னார் ஹட்டன். வந்த விடை எளிமையானது: வரைபடம், திசைகாட்டி, கையடக்கமான உணவு. மூன்றும் உடம்போடு இருக்கவேண்டும், சோதனையில் சிக்கக்கூடாது.

நடைமுறையில் இது நான்கு தேர்வுகளாக விரிந்தது. ஒளித்த பொருள் புடைத்துத் தெரியக்கூடாது. சத்தம் போடக்கூடாது. வியர்வையிலும் மழையிலும் கெடக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, பாராசூட்டில் குதிக்கும்போது உடம்பைவிட்டுப் போகக்கூடாது. பையில் வைத்தது பையோடு போய்விடும். உடுப்பில் தைத்தது உடுப்போடு தரைக்கு வரும்.

சரசரக்காத பட்டு

வரைபடத்தைக் காகிதத்தில் அச்சிட்டால் என்ன குறை? காகிதத்தின் இழைகள் ஒன்றோடொன்று இறுகப் பிணைந்து விறைப்பான தகடாக இருக்கும். அதை வளைத்தால் சிறு சிறு பகுதிகள் திடீரென்று ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மடங்கும். ஒவ்வொரு மடங்கலும் காற்றில் ஒரு சிறு ‘சொடுக்’. அவை ஆயிரக்கணக்கில் சேர்ந்ததுதான் நாம் கேட்கும் காகிதச் சரசரப்பு. உடுப்பின் உள்துணிக்குள் காகிதம் வைத்தவர் மேல் காவலர் கை வைத்தால் போதும், கதை முடிந்தது. நனைந்தால் கிழியும், மடித்த இடத்தில் நாளடைவில் ஓட்டை விழும். அந்த ஓட்டை, கடக்கவேண்டிய எல்லைக்கோட்டின் மேலேயே விழுந்துவிடலாம்.

துணியின் கதை வேறு. நூல்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி இடம் கொடுப்பதால் அது ஓசையின்றி மடங்கும். பட்டு அதிலும் சிறப்பு. பட்டுப்புழு நூற்கும் இழை, மனித முடியைவிடப் பல மடங்கு மெல்லியது. ஃபைப்ரோயின் என்ற புரதத்தால் ஆனது. அந்தத் தடிமனுக்கு அது தாங்கும் இழுவிசை வியப்பூட்டும். பட்டுப்புடவை சரசரக்குமே என்று கேட்கத் தோன்றும். அந்த ஓசை ஜரிகையாலும், பட்டைச் சாயமிட்டபின் அமிலக் கரைசலில் அலசி முறுக்கேற்றுவதாலும் வருவது. அப்படிப் பதப்படுத்தாத மெல்லிய பட்டைக் கைக்குள் கசக்கிப் பொத்திக்கொண்டால் பக்கத்தில் நிற்பவருக்கும் கேட்காது.

எடின்பரோவின் பார்த்தலோமியூ நிறுவனம் தன் ஐரோப்பிய வரைபடங்களை, பதிப்புரிமைத் தொகை எதுவும் கேட்காமல் ஹட்டனுக்குக் கொடுத்தது. சிக்கல் அச்சிடும்போது வந்தது. பட்டில் பட்ட மை ஊறிப் பரவியது. ஊர்ப் பெயர்கள் ஒன்றோடொன்று கலந்தன. ஆறும் சாலையும் ஒரே கறையாயின. காரணம் நுண்புழை விசை. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, நூலிழைகளுக்கு இடையேயுள்ள குறுகிய இடைவெளிகள் மையை இழுத்துக்கொண்டு ஓடும். மை எவ்வளவு நீர்த்திருக்கிறதோ அவ்வளவு தூரம் ஓடும்.

தீர்வு, ஜாம் பாட்டிலுக்குள் இருந்தது. பழத்தோல்களில் இருக்கும் பெக்டின், நீளச் சங்கிலியான ஒரு சர்க்கரைப் பொருள். நீரில் அந்தச் சங்கிலிகள் வலைபோலப் பின்னிக்கொண்டு கூழாகும். பழச்சாறு ஜாமாக இறுகுவது அதனால்தான். மையில் பெக்டின் சேர்த்ததும் மை கெட்டியாகி, வைத்த இடத்திலேயே நின்றது. கோடுகள் கூர்மையாக விழுந்தன, நனைந்தாலும் கலையவில்லை. துணியில் அச்சுக்குத்தும் கைவினைஞர்கள் சாயத்தில் பசை சேர்ப்பதும் இதே விதிப்படிதான். லீட்ஸ் நகரின் வாடிங்டன் அச்சகத்துக்குப் பட்டில் அச்சிடும் அனுபவம் முன்பே இருந்ததால், வரைபட வேலையின் பெரும்பங்கு அங்கே போனது. பட்டுக்குத் தட்டுப்பாடு வந்தபோது ரேயான் துணி கைகொடுத்தது. மல்பெரிக் கூழில் செய்த ஒருவகை மெல்லிய தாளும் பயன்பட்டது. கோலிக்குண்டு அளவுக்குக் கசக்கி உருட்டினாலும், விரித்தால் மடிப்புத் தெரியாமல் வரும், சத்தமும் இராது. அதைச் சதுரங்கக் காய்களுக்குள்ளும் புகைக்குழாயின் உள்ளறையிலும்கூட மறைக்க முடிந்தது.

இடப்பக்க மரை

திசைகாட்டியைச் சிறிதாக்குவது பார்ப்பதற்குக் கடினம்போலத் தெரியும். காந்த ஊசி இங்கே உதவிக்கு வருகிறது. ஊசி சிறுத்தால் பூமியின் காந்தப்புலம் அதைத் திருப்பும் விசையும் குறையும். ஆனால் ஊசியின் எடை குறைவதால், அது அமர்ந்திருக்கும் முனையில் உராய்வும் சேர்ந்தே குறைகிறது. ஆகவே மிகச் சிறிய ஊசியும் வடக்கைத் தேடித் திரும்பிவிடும். லண்டன் ஓல்டு கென்ட் சாலையிலிருந்த பிளண்ட் சகோதரர்களின் பட்டறை, சட்டைப் பொத்தானுக்குள் அடங்கும் திசைகாட்டிகளைச் செய்து கொடுத்தது. இருட்டில் பார்ப்பதற்காக ரேடியம் கலந்த பூச்சில் ஒளிரும் புள்ளிகள் வைத்தார்கள்: வடக்குக்கு இரண்டு, தெற்குக்கு ஒன்று. போர் முடிவதற்குள் இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட குட்டித் திசைகாட்டிகள் தயாராயின. அவை பொத்தானில், காலர் குமிழில், பென்சிலில், புகைக்குழாயின் தண்டில் என்று எங்கெல்லாமோ போய் உட்கார்ந்தன.

எதிரிகளும் சும்மா இருக்கவில்லை. பொத்தானைத் திருகிப் பார்த்தால் மூடி கழன்று திசைகாட்டி தெரியும் என்பதைக் கண்டுபிடித்தார்கள். பிடிபட்டவர்களின் பொத்தான்களையெல்லாம் திருகத் தொடங்கினார்கள். எம்.ஐ.9 கொடுத்த பதில் ஒரு தச்சருக்குத் தோன்றக்கூடிய பதில். மரையை மாற்றி வெட்டினார்கள். சாதாரணத் திருகாணி இடப்பக்கமாகத் திருப்பினால் கழலும். இடப்பக்க மரை அதற்கு நேர்மாறு. அதே பழக்கத்தில் திருப்பினால் மேலும் இறுகும். சைக்கிளின் இடது பெடலைக் கழற்ற முயன்று தோற்றவர்களுக்கு இது புரியும். காவலர் எவ்வளவு பலமாகத் திருகுகிறாரோ, பொத்தான் அவ்வளவு கெட்டியாக வாயை மூடிக்கொண்டது.

திசைகாட்டி இல்லாதவருக்கும் வழி இருந்தது. சவர பிளேடுகளைக் காந்தமாக்கி அனுப்பினார்கள். பிளேடு கடினமான எஃகு. ஒருமுறை ஏற்றிய காந்தத்தை எளிதில் இழக்காது. நடுவில் நூல்கட்டித் தொங்கவிட்டால், மேலே அச்சிட்ட நிறுவனப் பெயரின் ஒரு குறிப்பிட்ட எழுத்து வடக்கைப் பார்த்து நிற்கும். சோதனையில் சிக்கினாலும் அது வெறும் பிளேடுதான். பார்க்கும்போது ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். இடுப்புவாரின் இரும்பு வார்ப்பூட்டு, கத்தி முதலியவை அருகில் இருந்தால் ஊசி அவற்றின் பக்கம் சாய்ந்துவிடும். உடம்பிலிருந்து சற்று விலக்கிப் பிடித்துத்தான் பார்க்கவேண்டும்.

பூட்ஸ் கயிற்றுக்குள்ளும் ஒரு கருவி புகுந்துகொண்டது. பிரசவத்தில் இடுப்பெலும்பை அறுக்க நேரும் அறுவைசிகிச்சைக்காக, இத்தாலிய மகப்பேறு மருத்துவர் லியோனார்டோ ஜிக்லி 1890களில் உருவாக்கியது ஒரு கம்பி ரம்பம். முறுக்கிய எஃகுக் கம்பியின் மேடுகளே அதற்குப் பல். இரு முனைகளையும் பிடித்து மாறிமாறி இழுத்தால் எலும்பு அறுபடும். பொறுமை இருந்தால் சிறைக் கம்பியும் அறுபடும். கம்பி வளையக்கூடியது என்பதால் கயிற்றுக்குள் நுழைத்துத் தைத்துவிட்டார்கள். முடிச்சுப் போட்டாலும் வித்தியாசம் தெரியாது. எலும்பு முறிவு மருத்துவர்கள் இந்த ரம்பத்தை இன்றும் கையாள்கிறார்கள்.

உடல்சூட்டில் உருகும் சாக்லேட்

உணவுதான் மிகச் சிரமப்படுத்தியது. ஹட்டனின் முதல் உணவுப்பெட்டி, ஐம்பது சிகரெட் அடங்கும் தட்டையான தகரப்பெட்டி. சட்டைப் பையில் வைத்தால் எடுப்பாகத் தெரியாது. இரண்டு நாளைக்காவது ஒருவரை நடக்கவைக்கும் உணவு அதற்குள் அடங்கவேண்டும். அந்தத் தேர்வில் வென்றவற்றில் ஒன்று, நம் வீடுகளில் காய்ச்சலுக்குப் பின் கொடுக்கும் ஹார்லிக்ஸ். மாத்திரை வடிவில் அதை அடுக்கி வைத்தார்கள். முளைகட்டிய பார்லியும் கோதுமையும் பாலும் சேர்ந்து, நீர் வற்றிய பொருள் அது. சுமப்பதில் ஒரு கிராம்கூடத் தண்ணீராக வீணாகவில்லை. மென்றால் போதும், அடுப்பு வேண்டாம், புகை எழாது. ஹார்லிக்ஸுக்கு இந்தப் பயணம் புதிதும் அன்று. துருவப் பயணிகள் அதை முன்பே எடுத்துச் சென்றிருந்தார்கள். அன்டார்க்டிகாவில் ஹார்லிக் மலைகள் என்றே ஒரு மலைத்தொடர் உண்டு.

சாக்லேட்டைப் பெட்டியில் வைப்பதில் ஓர் இடைஞ்சல். கோக்கோ வெண்ணெய் ஏறக்குறைய 34 டிகிரி செல்சியஸில் உருகும். மனித உடலின் வெப்பம் 37. வாயில் போட்டதும் கரைகிற இன்பமே அந்த மூன்று டிகிரி வித்தியாசத்தில்தான் இருக்கிறது. உடம்போடு ஒட்டிச் சுமந்தால் அதே வித்தியாசம் சாக்லேட்டைக் குழம்பாக்கிவிடும். அமெரிக்க ராணுவம் இதை 1937இலேயே எண்ணிப் பார்த்தது. கேப்டன் பால் லோகன் ஹெர்ஷி நிறுவனத்திடம் கேட்ட சாக்லேட் நான்கு அவுன்ஸ் எடை இருக்கவேண்டும், நல்ல வெயிலிலும் உருகக்கூடாது, வேகவைத்த உருளைக்கிழங்கைவிடச் சற்றே மேலான சுவையில் இருக்கவேண்டும். சுவை கூடினால் வீரர்கள் அவசரத்துக்கு முன்பே தின்று தீர்த்துவிடுவார்கள் என்பது அவருடைய கணக்கு. ஓட்ஸ் மாவு கலந்து வந்த அந்தக் கட்டி ஒன்றில் 600 கலோரி இருந்தது. பல்லால் கடிக்க முடியாத அளவுக்குக் கெட்டியாகவும் இருந்தது. லோகனின் கணக்குத் தப்பவில்லை.

தண்ணீருக்கு, மடித்தால் உள்ளங்கையில் அடங்கும் ரப்பர் பையும் ஹாலசோன் மாத்திரைகளும். ஹாலசோன் நீரில் கரையும்போது கிருமிகொல்லும் குளோரின் சேர்மம் வெளிப்படும். வாய்க்கால் நீரில் போட்டு அரைமணி நேரம் காத்திருந்தால் குடிக்கலாம். களைப்பை மறக்கடிக்கும் பென்செட்ரீன் மாத்திரையும் பெட்டியில் இருந்தது. ஆம்ஃபெட்டமைன் வகையைச் சேர்ந்த அது களைப்பைப் போக்குவதில்லை, களைப்பு தெரியாமல் செய்துவிடும். உடல் அந்தக் கடனைப் பின்னால் வட்டியோடு வசூலிக்கும். அதனால்தான் உயிர்போகும் அவசரத்துக்கு மட்டும் என்று அது ஒதுக்கப்பட்டது.

முகமும் ஓர் உபகரணம்தான்

கருவிகள் கச்சிதமாக இருந்தும், ரயில் நிலையத்தில் எல்லாரையும்போலத் தோன்றாதவர் தப்பவில்லை. 1942 ஜனவரி 5ஆம் தேதி இரவு, கோல்டிட்ஸ் கோட்டைச் சிறையிலிருந்து ஏரி நீவ் என்ற பிரிட்டிஷ் அதிகாரியும் டோனி லுட்டெய்ன் என்ற டச்சு அதிகாரியும் வெளியேறினார்கள். கோட்டையின் நாடக மேடைக்கு அடியில் புகுந்து, கைவசமிருந்த துணியில் தைத்த ஜெர்மன் அதிகாரிகளின் உடுப்போடு காவலரைக் கடந்தார்கள். அந்த உடுப்பின் கீழே இன்னோர் உடுப்பு இருந்தது, சாதாரணத் தொழிலாளிக்குரியது. வெளியே வந்ததும் மேலுடுப்பைக் களைந்துவிட்டு, டச்சு வேலையாட்களாக ரயிலேறினார்கள். சில நாட்களில் சுவிட்சர்லாந்து எல்லையைக் கடந்தார்கள். கோல்டிட்ஸிலிருந்து தப்பித் தாயகம் சேர்ந்த முதல் பிரிட்டிஷ் அதிகாரி நீவ். பின்னர் அவரே எம்.ஐ.9இல் வேலைக்குச் சேர்ந்தார்.

விமானிகள் தங்களுடைய சிறிய புகைப்படங்களையும் சட்டைக்குள் எடுத்துச் சென்றார்கள். சாதாரண உடையில் எடுத்த படம். போலி அடையாள அட்டை செய்து கொடுப்பவருக்கு உதவும். இதில் ஓர் ஓட்டை விழுந்தது. சில படைப்பிரிவுகளில் புகைப்படம் எடுக்கும்போது ஒரே கோட்டையும் டையையும் எல்லாரும் மாற்றி மாற்றி அணிந்துகொண்டார்கள். பிடிபட்ட சிலரின் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்த ஜெர்மானியர்களுக்கு, அந்த டையே படைப்பிரிவின் பெயரைச் சொல்லிவிட்டது.

சீனாவுக்காகப் பறந்த ‘பறக்கும் புலிகள்’ என்ற அமெரிக்கத் தன்னார்வ விமானிகளின் கதை இதற்கு எதிர்த்திசையில் தொடங்கியது. 1941இல் அவர்கள் அணிந்த ஜாக்கெட்டின் முதுகில் சீனக் கொடியோடு ஒரு பட்டுத்துணி தைக்கப்பட்டிருந்தது. இந்த வெளிநாட்டுக்காரர் நமக்கு உதவ வந்தவர், இவரைக் காப்பாற்றுங்கள் என்ற பொருளில் சீன எழுத்துகள் அதில் இருந்தன. நண்பருக்குத் தெரிவது எதிரிக்கும் தெரியும் என்பதால், பிற்பாடு பலர் அதை ஜாக்கெட்டின் உட்புறத்துக்கு மாற்றித் தைத்துக்கொண்டார்கள்.

அந்தத் துணி சொல்லும் வேண்டுகோளுக்குச் செவிசாய்த்த மனிதர்கள் இல்லாமல் எந்தப் பொத்தானும் யாரையும் கரைசேர்த்திருக்காது. பெல்ஜியத்தின் ஆந்த்ரே டி யோங் என்ற இளம்பெண் 1941இல், தப்பிய வீரர்களைப் பிரான்ஸ் வழியாகப் பிரனீஸ் மலையைக் கடந்து ஸ்பெயினுக்கு அழைத்துப்போனபோது அவருக்கு வயது 24. ‘காமெட்’ என்று பெயர்பெற்ற அந்தப் பாதையில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களைத் தாமே கூட்டிச்சென்றார். 1943 ஜனவரியில் பிடிபட்டு வதைமுகாமில் அடைபட்டும் உயிரோடு மீண்டார். எம்.ஐ.9இன் வரலாற்றை எழுதிய ஃபுட்டும் லாங்லியும் கொடுக்கும் கணக்குப்படி, போர் முடிவதற்குள் சொந்தப் படைகளிடம் வந்துசேர்ந்த நேச நாட்டு வீரர்கள் 35,000க்கும் மேல். அவர்களுக்கு வாசல் திறந்துவிட்ட குடும்பங்கள் பல, பெயர் தெரியாமலே உயிரை விலையாகக் கொடுத்தன.

சிறைமுகாம்களில் இருந்த கைதிகளை மனத்தில் வைத்து எம்.ஐ.9 ஒரு கோட்டைத் தாண்டவே இல்லை. முகாம்களுக்குள் கருவிகளை அனுப்பப் பொய்யான பெயரில் தொண்டு அமைப்புகளை உருவாக்கி, அவற்றின் பெயரில் பொட்டலங்கள் அனுப்பினார்கள். செஞ்சிலுவைச் சங்கத்தின் பொட்டலங்களை மட்டும் தொடவில்லை. அதில் ஒரு வரைபடம் சிக்கியிருந்தால், லட்சக்கணக்கான கைதிகளின் உணவு நின்றுபோயிருக்கும்.

இன்றைய உள்மடிப்பு

‘உடம்போடு இருப்பதே உதவும்’ என்ற அதே கணக்கு, இன்று போரைவிட்டு வெளியே வந்திருக்கிறது. 1973இல் சுவீடனின் ஓரே மலைப்பகுதியில் பனிச்சரிவில் சிக்கியவர்களைத் தேடிய அனுபவத்திலிருந்து, மாக்னுஸ் கிரான்ஹெட் என்பவர் ரெக்கோ என்ற அமைப்பை உருவாக்கினார். பனிச்சறுக்கு உடுப்பின் மடிப்புக்குள் தைக்கும் பட்டை அது. ஒரு சிறு ஆன்டெனாவும் ஒரு டையோடும் மட்டும்தான். பேட்டரி இல்லாததால் தீர்ந்துபோக எதுவும் இல்லை. மீட்புக்குழுவின் கருவி ரேடியோ அலையை அனுப்பும்போது, டையோடு அந்த அலையின் அதிர்வெண்ணை இரட்டிப்பாக்கித் திருப்பி அனுப்புகிறது. பனியும் பாறையும் வந்த அலையை அதே அதிர்வெண்ணில்தான் திருப்பும். ஆகவே இரட்டிப்பு அதிர்வெண் கேட்டால் அங்கே ஆள் இருக்கிறார். பனிக்குள் புதைந்தவருக்குக் கிடைக்கும் அவகாசம் பெரும்பாலும் முதல் கால்மணி நேரம்தான். மீட்புக்குழு அருகில் இருந்தால்தான் ரெக்கோ பயன்படும் என்பதால், பனிமலை ஏறுகிறவர்கள் தனியே சமிக்ஞைக் கருவியையும் சுமக்கிறார்கள்.

மோட்டோ ஜிபி மோட்டார்சைக்கிள் பந்தயங்களில் 2018 முதல் காற்றுப்பை உடுப்பு கட்டாயம். தோல் உடுப்புக்குள் இருக்கும் இந்த அமைப்பில் முடுக்கமானிகள் ஒவ்வொரு நொடியும் ஓட்டுநரின் அசைவை அளந்துகொண்டே இருக்கும். வளைவில் சாய்வது வேறு, வண்டியிலிருந்து தூக்கி எறியப்படுவது வேறு என்று பிரித்தறிந்து, கண் இமைப்பதற்குள் பை விரிந்து தோளையும் மார்பையும் மூடிக்கொள்ளும்.

கடலோர மக்களுக்கு இன்னும் நெருக்கமான கருவி ஒன்று உண்டு. தக்கை வைத்த பருமனான லைஃப் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு வலை இழுக்க முடியாது; வெயிலில் புழுங்கும், வலைக்கண்ணில் மாட்டும். அதனால் அது படகின் மூலையில் சுருண்டு கிடக்கும். அலை புரட்டிப்போடும் நேரத்தில் எட்டாத தூரத்தில் இருக்கும். இதற்காகவே வந்தது, தோளில் பட்டைபோல் கிடக்கும் மெல்லிய காற்றடைப்பு ஜாக்கெட். உள்ளே 33 கிராம் கார்பன் டை ஆக்சைடு அடைத்த சிறு உருளை. திறந்துவிட்டால் அந்த வாயு ஏறக்குறைய 17 லிட்டராக விரியும். ஆர்க்கிமிடிஸ் விதிப்படி 17 லிட்டர் கடல்நீரை விலக்கினால் 17 கிலோவுக்குச் சற்று மேல் தூக்குவிசை கிடைக்கும். மனித உடலின் அடர்த்தி ஏறக்குறைய நீருடையதே. நினைவிழந்தவரையும் புரட்டி, முகத்தை வானம் பார்க்க வைக்க அந்த விசை போதும்.

உருளையைத் திறப்பது யார்? விழுந்தவர் மயங்கியிருக்கலாம், கை ஒடிந்திருக்கலாம். பல ஜாக்கெட்டுகளில் அந்த வேலையைச் செய்வது நீரில் கரையும் ஒரு சிறு வில்லை. அழுத்திய சுருள்வில் ஒன்றை அது தடுத்துப் பிடித்திருக்கும். கடலில் விழுந்த சில நொடிகளில் வில்லை இளகிக் கரையும். சுருள்வில் விடுபட்டுப் பாயும், கூர்முனை உருளையைத் துளைக்கும், ஜாக்கெட் உப்பும். மின்சாரமும் இல்லை, பொத்தானும் இல்லை. ஆபத்தாக வந்த தண்ணீரே விசையை அழுத்துகிறது. அந்த வில்லையைக் காலாவதித் தேதிக்கு முன் மாற்றவேண்டும். உருளை முறையாகத் திருகப்பட்டிருக்கிறதா என்று ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் கைவைத்துப் பார்க்கவேண்டும். 2017இல் ஒக்கி புயலில் கன்னியாகுமரி மாவட்டத்து மீனவர்களைக் கடலுக்குப் பறிகொடுத்த ஊர்களில், இத்தகைய ஜாக்கெட் ஒவ்வொரு தோளிலும் இருக்கவேண்டும். அவர்கள் வாங்கக்கூடிய விலையில் அது கிடைக்கவும் வேண்டும்.

போர் முடிந்தபோது, எம்.ஐ.9இன் வரைபடங்கள் மூட்டை மூட்டையாக மிஞ்சின. பிரிட்டனில் துணிக்கான ரேஷன் 1949வரை நீடித்தது. கடைக்கு வந்த உபரிப் பட்டைப் பெண்கள் வாங்கிப்போய் மேலங்கியும் கழுத்துத்துணியும் ஆக்கிக்கொண்டார்கள். அவற்றில் சில இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. லண்டனின் இம்பீரியல் போர் அருங்காட்சியகம் 2015இல் நடத்திய உடைக் கண்காட்சியில், பட்டு வரைபடத்தில் தைத்த பெண்கள் உள்ளாடை ஒன்று வைக்கப்பட்டிருந்தது. உடுப்புக்கு அடியில் ஒளிந்திருப்பதற்காக அச்சான ஊர்களும் சாலைகளும் அதன் தையல்களைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தன.